மஞ்சள் முடிச்சின் மேல் ஒட்டிய ஷீட்

உங்கள் மாஸ்டர் என்னை இந்த வகுப்புக்குக் கூப்பிட்டது, காருக்குள் சத்தம் அடக்குகிற வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான். எந்தப் பசை ஷீட் எந்த இடத்துக்கு, எவ்வளவு சூடு காட்ட வேண்டும், ரோலரை எந்தப் பக்கமிருந்து உருட்ட வேண்டும் என்பதெல்லாம் அவரே உங்களுக்குக் காட்டித் தந்துவிட்டார். என்னைவிட நன்றாகவே காட்டியிருப்பார். அதை நான் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தைத் தின்னப் போவதில்லை. நான் சொல்லப் போவது நான் வெட்கப்பட வேண்டிய ஒரு கதை. சொல்லி முடித்த பிறகு நீங்கள் எனக்கு டீ தராவிட்டாலும் கோபிக்க மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மட்டக்களப்புப் புளியந்தீவில் பிறந்த, போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கி. அப்பா தச்சர், அவருடைய அப்பா இரும்பு வேலை. நான் லொறி சீட்டுக்கு ரெக்சின் தைக்கத் தொடங்கி, பிறகு கார் உள்வேலைக்கு வந்து, கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒரு கராஜ் வைத்திருந்தேன். முழங்கால் இரண்டும் போன பிறகுதான் விட்டேன். நீங்களும் இப்போதே முழங்காலுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு குனியுங்கள், பிள்ளைகளே.

முதலில் சிரிக்கக்கூடிய தவறு ஒன்று. தொடக்க காலத்தில் ஒரு பாங்கு மனேஜரின் காருக்குக் கதவு நாலுக்கும் ஷீட் ஒட்டினேன். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கிற துளைகளையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். மாரி வந்தது. ஒருநாள் மனிதர் வந்து என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கதவை ஆட்டிக் காட்டினார். உள்ளே குடம் தளும்புவதுபோலத் தண்ணீர் தளும்பியது. "இதுக்குள்ள நாலு மீன் வாங்கி விடட்டா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தோம், துளையைத் திறந்துவிட்டேன், விஷயம் முடிந்தது. இப்படிப்பட்ட தவறைக் கல்யாண வீட்டிலும் சொல்லலாம், செத்த வீட்டிலும் சொல்லலாம். மற்றதைச் சபையில் சொன்னதே இல்லை, எங்கள் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்தான் மனம் விட்டுச் சொன்னேன். அங்கே சொல்வது சுகம், நடுவில் ஒரு மறைப்பு இருக்கிறது.

கட்டாரில் வேலை செய்து திரும்பிய ஒரு தம்பி, குருக்கள்மடம் ஊர்ப் பிள்ளை, இரண்டு கதவு வைத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தார். தரையோடு தரையாகக் கிடக்கிற கார். ஏறும்போது படுக்கப் போவதுபோல இருக்கும், இறங்கும்போது ஆள் வேண்டும். பின்னால் பெயருக்கு ஒரு சீட். அதில் பூனையைத்தான் இருத்தலாம். இப்படிப்பட்ட காருக்குள் எஞ்சின் சத்தம், டயர் சத்தம், கல் தெறிக்கிற சத்தம் எல்லாம் வரும். அதற்காகத்தான் சிலர் அதை வாங்குகிறார்கள். இவருக்கோ வெளியே உறும வேண்டும், உள்ளே வீட்டு அறைபோல இருக்க வேண்டும். முழுக் காருக்கும் ஷீட் ஒட்டச் சொன்னார். சித்திரை மாதக் கடைசியில் காரைக் கொண்டுவந்து விட்டார்.

அப்போது என்னோடு வேலை செய்தவன் தவம். ஒன்பது வருடம் என்னோடு இருந்தான். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவன் கழற்றின ஆணி ஒன்று காணாமல் போனதாக எனக்கு நினைவில்லை. சீட்டுகளைக் கழற்றியது, கம்பளத்தைத் தூக்கியது எல்லாம் அவன்தான். ஷீட் ஒட்டியது நான். நாலு நாள் வேலை. ஐந்தாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு அந்தத் தம்பி வருவதாக ஏற்பாடு. அங்கிருந்து நேரே கொழும்புக்குப் போய், மறுநாள் காலை அவரைப்போலக் கார் வைத்திருக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் காட்ட வேண்டுமாம்.

மூன்று மணிக்கு நானும் தவமும் காரை வாவிக்கரை வீதியில் ஓட்டிப் பார்த்தோம். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்யவில்லை. கண்ணாடியை ஏற்றினால் எங்கள் மூச்சு எங்களுக்குக் கேட்டது. அந்த அமைதிக்குள், பள்ளம் ஒன்றில் இறங்கும்போது, பின்னால் ‘கிணிங்’ என்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் மறுபடி. முதலில் இருந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிராது. எல்லாச் சத்தத்தையும் நாங்களே அடக்கி அதற்கு இடம் கொடுத்துவிட்டோம்.

திரும்பி வந்து பின் பக்கத்துப் பலகையைக் கழற்றினோம். சில்லுக்கு மேலே, வெளித் தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் ஒரு பொந்து இருக்கும், உங்களுக்குத் தெரியும். அதற்குள் தவம் டோர்ச் அடித்தான். அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. துணி இற்று ஒரு பக்கம் திறந்திருந்தது. உள்ளே ஏதோ மின்னியது. சீட்டைக் கழற்றிய நேரம் அதன் அடியிலிருந்து நழுவி உள்ளே விழுந்திருக்க வேண்டும். நான் கையை விட்டேன், முழங்கையோடு நின்றுவிட்டது.

"அண்ணன், இது நேர்த்தி முடிச்சுப் போல இரிக்கு," என்றான் தவம். "அவங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லுவமா?"

எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஊரில் பிறந்தவன், பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்னாலேயே மஞ்சள் முடிச்சு என்றால் என்ன என்று அறிந்தவன். யாரோ, யாருக்காகவோ, கண்ணகை அம்மாளிடம் நேர்ந்து கட்டியது. ஆனால் மணி மூன்றரை. கம்பியை வளைத்துத் துழாவினால் எவ்வளவு நேரம் போகுமோ. சொன்னால், "அங்கிள், என்ன, இன்னும் முடியல்லையா?" என்று அந்தத் தம்பி கேட்பார். அந்தக் கேள்வியைத்தான் நான் தவிர்க்க நினைத்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

ஒரு ஷீட் துண்டை வெட்டிச் சூடு காட்டி, தடி ஒன்றின் நுனியில் வைத்து உள்ளே இறக்கி, அந்த முடிச்சின் மேல் வைத்து அழுத்தினேன். துணிக்கு மேலே நாலு பக்கமும் ஒட்டும்வரை அழுத்தினேன். பிறகு பொந்தின் வாயையும் இன்னொரு ஷீட்டால் மூடி ரோலர் உருட்டினேன். தவம் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தோம், சத்தம் இல்லை. அந்தத் தம்பி வந்து ஒரு சுற்றுப் போய்விட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். கொழும்பிலிருந்து போனில் படம் போட்டு, மட்டக்களப்பில் இப்படி ஒரு கைகாரர் இருக்கிறார் என்று எழுதியிருந்தார். அதை நான் நாலு பேருக்குக் காட்டினேன்.

மூன்று கிழமை போனது. வைகாசி பிறந்து, ஊர் ஊராகக் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கிவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் யாரும் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கோயில்கள் பலவற்றில் வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சடங்குக்குத்தான் கதவு திறப்பார்கள். கடைசி நாள் குளுத்தி. அது முடிந்து கதவு சாத்தினால் பிறகு அடுத்த வைகாசிதான்.

குளுத்திக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தத் தம்பி தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். வந்ததும் அந்தத் தாய் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"தம்பி, இந்தப் பின் சீட்டுக்குக் கீழ ஒரு மஞ்சள் முடிச்சு வெச்சிருந்தனான். எடுத்து எங்கயும் வெச்சீங்களா?"

மகனுக்குக் கட்டாரில் வேலை செய்யும்போது இரும்புத் தூள் கண்ணில் அடித்து, ஒரு கண் போய்விடும் என்று டாக்டர் கைவிரித்த நேரத்தில் இந்தத் தாய் நேர்ந்திருக்கிறார். பார்வை திரும்பி வந்தால், குழந்தையில் தனக்குக் கட்டிய வெள்ளி அரைஞாணை உருக்கி ஒரு சோடி கண்மலர் செய்து அம்மாளுக்கு வைப்பதாக. பார்வை வந்தது. கண்மலரும் செய்தாயிற்று. பிள்ளை கார் ஓட்டுகிறானே, சடங்குவரைக்கும் அது அவனோடேயே இருக்கட்டும் என்று, அவனுக்கும் சொல்லாமல் யாரும் இருக்காத சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டார். மகனுக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்குக் கூச்சம். "விடுங்கம்மா, வேற ஒண்டு செய்வம்," என்றார்.

"வேற செய்யலாம் மனே. ஆனா அம்மாளுக்குச் சொன்னது அதைத்தானே," என்றார் தாய்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ‘இருங்க அம்மா, அது உள்ளுக்க விழுந்து போச்சு, கழட்டித் தாறன்’ என்றால் போதும். நான் மூடியதைக்கூடச் சொல்லத் தேவையில்லை. எனக்கு என்ன ஓடியது தெரியுமா? கழற்றினால் அந்த ஷீட்டைக் காண்பார்கள். முடிச்சின் மேல் அளவாக வெட்டி வைத்து ஒட்டியிருக்கிற ஷீட். அறியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. பறங்கியன் அம்மாளின் கண்ணைப் பசை போட்டு ஒட்டிவிட்டான் என்று ஊர் பேசும் என்று பயந்தேன். இப்படித்தான் நான் நெடுநாளாக எனக்கே காரணம் சொல்லி வந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. போனில் இருந்த அந்தப் படத்தையும் பாராட்டையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

நான் சொன்ன வசனம் இது:

"நான் ஒண்டும் காணல்ல அம்மா. சீட்டுக் கழட்டினது தவம்தான். அவனைக் கேட்டுப் பாருங்க."

கழற்றியது தவம்தான். அந்தப் பாதியில் பொய் இல்லை. அந்த மெய்யைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். எல்லோரும் தவத்தைப் பார்த்தார்கள். தவம் என்னைப் பார்த்தான். கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது, அதைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எடுக்கல்ல அம்மா," என்றான் கடைசியில்.

மகனுக்குக் கோபம் வந்தது. வெள்ளி என்றதும் ஆசைப்பட்டிருப்பான் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். தாய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தவத்தைப் பார்த்து, "ஆர் எடுத்திருந்தாலும் அவங்கட கண்ணையும் அம்மாள் காப்பாத்தட்டும்," என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறப் போனார். அவருக்கு அந்தக் காரில் ஏறத் தெரியாது. தவம்தான் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

தவம் கையில் இருந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அந்தக் கிழமையோடு நின்றான். ஏன் என்று நானும் கேட்கவில்லை. டவுனில் இரண்டு மூன்று இடத்தில் வேலை கேட்டிருக்கிறான், கிடைக்கவில்லை. நம் தொழிலில் வாடிக்கையாளர் சாவியைத் தந்துவிட்டுப் போகிறார். சாமானை எடுக்கிறவன் என்று ஒருவனைப் பற்றி ஒரு சொல் வந்தால் போதும். இந்தச் சொல் எல்லாக் கராஜுக்கும் போயிருந்தது. கடைசியில் அவன் குடும்பத்தோடு கல்குடாவுக்குப் போய், ஃபைபர் போட் திருத்துகிற இடத்தில் கூலிக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த பங்குனியில் அந்தத் தம்பி திரும்பக் கட்டாருக்குப் போக ஆயத்தமானார். காரை விற்கப் போவதாகவும், அதற்கு முன் பின்பக்க ஸ்பீக்கரை மாற்றித் தரும்படியும் கொண்டுவந்து விட்டார். கார் விற்றுப் போனால் அந்த முடிச்சும் போய்விடும். வேலையாட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, நானே பலகையைக் கழற்றி, சூடு காட்டி, ஷீட்டை உரித்தேன். வளைத்த கம்பியால் துழாவி முடிச்சை எடுத்தேன். எவ்வளவு நேரம் போனது என்று நினைக்கிறீர்கள்? முக்கால் மணித்தியாலம். அன்றைக்கே செய்திருந்தாலும் கூடினால் முக்கால் மணித்தியாலம்தான் போயிருக்கும்.

மண்ணெண்ணெயால் பசையைத் துடைத்தேன், பழப்புளி போட்டுத் தேய்த்தேன். துணி உருப்படவில்லை, வெள்ளி வெளித்தது. இரண்டு சின்னக் கண். என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு நிறைய இருக்கிறது.

மறுநாள் காலை குருக்கள்மடத்துக்குப் போனேன். தாய் மட்டும்தான் வீட்டில். கடதாசியில் சுற்றியிருந்ததைக் கையில் கொடுத்து, தவம் எடுக்கவில்லை, நான்தான் மூடினேன், தெரிந்தே மூடினேன் என்று சொன்னேன். அவர் கண்மலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்மலர் போன வருசமே வெச்சாச்சு தம்பி," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். குளுத்தி அன்று காலையில் தவம் வந்திருக்கிறான். ஒரு சோடி வெள்ளிக் கண்மலரைத் தாயின் கையில் வைத்து, கும்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டான். பார்த்ததும் அது தன்னுடையது இல்லை என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது. கடையில் வாங்கிய புதுச் சாமான். எடுத்ததை உருக்கிவிட்டு, பிறகு பயந்து வேறு வாங்கித் தருகிறான் என்று மகன் முடிவு கட்டினார், தாயும் அப்படித்தான் நினைத்தார். எடுத்தவனே கொண்டுவந்து தந்தான் என்று மகன் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். தவத்துக்கு டவுனில் ஏன் வேலை கிடைக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தாய் கண்மலரைக் கடதாசியில் திரும்பச் சுற்றினார். பிறகு, "ஒரு பாவமும் செய்யாத பிள்ளையைக் கள்ளன் எண்டு நினைச்சிட்டு அம்மாளுக்கு முன்னால போய் நிண்டிருக்கிறன்," என்றார். என்னை அவர் ஏசியிருக்கலாம். ஏசவில்லை. "எனக்கிட்டச் சொல்லிட்டீங்க. அந்தப் பிள்ளைக்கிட்டச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்து நேரே கல்குடாவுக்குப் போனேன். தவம் கவிழ்த்துப் போட்ட போட் ஒன்றுக்கு அரத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை, கண் இமை எல்லாம் வெள்ளைத் தூள். என்னைக் கண்டதும் எழும்பினான், ஒரு பலகையைத் துடைத்து இருக்கத் தந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே தேய்த்தான். ஏன் அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்லாமல் இன்னொரு சோடி வாங்கிக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க இல்லை எண்டிருப்பீங்க. உங்கள விட்டிட்டு என்னையா நம்புவாங்க?" என்றான். "கதவு சாத்திட்டா அவ ஒரு வருசம் காத்திருக்கணும். நானும்தானே டோர்ச் பிடிச்சன். அம்மாள் என்னட்டயும்தான் கேப்பா."

என்னை ஏசு என்றேன். அவன் அரத்தாளைக் கீழே வைத்தான்.

"அண்டைக்கு நீங்க அப்பிடிச் சொன்ன பிறகும் நான் பாத்துக்கொண்டுதான் நிண்டன் அண்ணன். இப்பச் சொல்லுவார், இப்பச் சொல்லுவார் எண்டு. அந்தக் கார் வெளிக்கிட்டுப் பாலம் ஏறுமட்டும் பாத்தன்."

திரும்பி என்னோடு வா என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான். அப்போ நான் என்னதான் செய்ய என்று கேட்டேன். எனக்குச் சொல்லி என்ன, அந்தக் கதை போன கராஜ் கடைக்கெல்லாம் போய்ச் சொல்லுங்கள் என்றான். இரண்டு பிள்ளைகளும் டவுனில்தான் படிக்க வேண்டும், இன்னாரின் பிள்ளை என்று யாரும் கேட்டால் அதுகள் தலை குனியக்கூடாது என்றான்.

மகனுக்குத் தாயே சொல்லிவிட்டார். அவர் கட்டாரிலிருந்து தவத்துக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேட்டாராம். நான் கடைகளுக்குப் போகத் தொடங்கினேன். முதல் கடையில் சொன்னேன். இரண்டாவது கடையில் சொன்னேன். மூன்றாவது கடைக்காரர் பழைய சிநேகிதர். கேட்டுவிட்டு நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. நாலாவது கடைக்கும் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பி இடம் தந்தார்கள். நான் இருந்து, டீ குடித்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். பிறகு எந்தக் கடைக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வைகாசி வந்து போய்விட்டது.

உங்கள் மாஸ்டர் கூப்பிட்டபோது, முழங்கால் வலி, வர முடியாது என்று சொல்லப் பார்த்தேன். யார் யார், எந்தக் கடையிலிருந்து படிக்க வருகிறார்கள் என்று அவர் பெயர் வாசித்துக் காட்டினார். அந்த நாலாவது கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இங்கே இருக்கிறீர்கள். எந்த வரிசையில் என்று நான் பார்க்கப் போவதில்லை. நாளைக்குக் காலையில் உங்கள் முதலாளி கடை திறக்கும்போது சொல்லிவிடுங்கள்: தவம் எடுக்கவில்லை.